பின்னிட்டீங்க தலைவா!

தமிழில் லெட்டரிங் போடும் இளைஞர்களுக்கு இது பொற்காலம். அதற்குக் காரணம் அவர்கள் கை அல்ல, நம் வாய். வரைந்த மை காய்வதற்குள் "சூப்பர்" என்கிறோம், "வேற லெவல்" என்கிறோம், "பின்னிட்டீங்க தலைவா" என்கிறோம். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுப் பாராட்டும் சின்னத்தனம் நம்மிடம் கிடையாது. இந்தப் பெருந்தன்மைக்கு இதுவரை ஒரு பொன்னாடைகூட யாரும் போர்த்தவில்லை. அந்தக் குறையை நானாவது தீர்க்கிறேன்.

நாமெல்லாம் சேர்ந்து கைதட்டிய ஒரு போர்டு மாதிரியையே எடுத்துக்கொள்வோம். மேலே கொட்டை எழுத்தில் 'பழமுதிர் நிலையம்'. அதன் கீழே 'மொத்த விலை, சில்லறை விலை'. அடியில் 'கைப்பேசி எண்'. பார்த்ததும் மனத்தைத் தொடுவது அதிலுள்ள சமரசம்தான். பெரியார் 1935-இல் குடி அரசு இதழில் கையாளத் தொடங்கி, 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கிய எழுத்துச் சீர்திருத்தத்தில் 13 எழுத்துகள் வடிவம் மாறின. 'லை'யின் தும்பிக்கை போனது அப்போதுதான். பழைய அழகை மீட்பதா, புதியதையே எழுதுவதா என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள, இந்த போர்டை வரைந்த நம் கலைஞர் ஒரு 'விலை'யில் தும்பிக்கை வைத்தார், அடுத்த 'விலை'யில் எடுத்துவிட்டார். மொத்த வியாபாரிக்குப் பழைய விலை, சில்லறைக்குப் புது விலை போலிருக்கிறது. இரு தரப்புக்கும் மனக்குறை இல்லை.

ழகரத்தின் வாலைப் பாருங்கள். நீண்டு, வளைந்து, கீழ் வரியின் தலைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்த எழுத்தும் தனித்து வாழக் கூடாது என்ற உயர்ந்த கொள்கை! ரகரத்தின் அடியில் அந்தச் சாய்ந்த கோடு எதற்கு என்று வெட்டிவிட்டார். இப்போது அது தலையில் புள்ளி வைத்த துணைக்கால். தொல்காப்பியருக்கே தோன்றாத யோசனை. புள்ளியும் வெறும் புள்ளியா? ஆரஞ்சுப் பழம். கடைசி மகரத்தின் தலையில் தர்பூசணி. பட்டைத் தூரிகையால் எழுதியதில் மூன்று சுழி ணகரத்தின் ஒரு சுழி அடைந்துபோய், 'கைப்பேசி எண்' என்பது 'கைப்பேசி என்' ஆகியிருக்கிறது. யாருடைய கைப்பேசி என்று இனி ஒருவரும் கேட்கத் தேவையில்லை. நிழல் பாதி எழுத்துகளுக்கு இடப்பக்கம், மீதிக்கு வலப்பக்கம் விழுகிறது. நம் ஊர் வெயிலுக்கு இரண்டு சூரியன் இருந்தாலும் ஆச்சரியமில்லை. 'பழமு' வரை தாராளமாகக் கால் நீட்டிய எழுத்துகள், 'யம்' வரும்போது டவுன் பஸ்ஸில் கடைசியாக ஏறியவர்கள் மாதிரி ஓரத்தில் தொங்குகின்றன.

இவ்வளவையும் பார்த்தும் பார்க்காதவர்களாக ஒரே வார்த்தையில் வாழ்த்தினோமே, அதுவல்லவா ரசனை!

இதற்கு நடுவே ஓர் ஆள் வந்து காரியத்தைக் கெடுக்கப் பார்ப்பார். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்பு சுவரிலும் தகரத்திலும் எழுதிப் பிழைத்த பெரியவர். அவருக்குப் பாராட்டத் தெரியாது. "தம்பி, எழுதறதுக்கு முன்னாடி நூல் அடிச்சியா?" என்பார். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு படி. கண்ணைச் சுருக்கிப் பாரு, எங்க கருப்பா அடைக்குதோ அங்க இடம் விடு" என்பார். கூச்சமே இல்லாமல் தாளைத் தலைகீழாகத் திருப்புவார். அப்படித் திருப்பினால் சொல் மறைந்து இடைவெளிதான் தெரியுமாம். போகிற போக்கில், "ழ நல்லா வந்திருக்கு, வாலை மட்டும் அரை இஞ்சு தூக்கு" என்று நல்லதையும் கெட்டதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார். அரை இஞ்சாம்! இப்படி அளவு சொல்லிக் கேட்டால் பையன் அதைத் திருத்தித் தொலைத்துவிட மாட்டானா?

"கேவலம்" என்று ஒரு சொல்லோடு நகர்ந்துவிடுகிற அன்பர்களை நான் அந்தப் பெரியவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் நம்மவர்கள். எந்த எழுத்து கேவலம், ஏன் கேவலம் என்று சொல்லி அவர்களும் யாரையும் சிரமப்படுத்துவதில்லை.

இடித்துச் சொல்லும் ஆட்களைத் துணையாக வைத்துக்கொள்ளச் சொல்லி வள்ளுவர் 45-ஆம் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். அது அரசர்களுக்குச் சொன்னது. போர்டு எழுதுகிறவருக்கு என்ன, கோட்டையா கவிழப்போகிறது?

நம் கலைஞரும் லேசுப்பட்டவர் அல்ல. "உங்கள் மேலான கருத்துகளைச் சொல்லுங்கள்" என்று பணிவாகத்தான் கேட்கிறார். யாராவது அசட்டுத்தனமாக நிஜக் கருத்தைச் சொல்லிவிட்டால் "அது என் ஸ்டைல்" என்ற கேடயம் தயாராக இருக்கிறது. அதைவிட நேர்த்தி, அவர் கேட்கும் நேரம். பென்சில் கோட்டில் இருக்கும்போது காட்டினால் அழித்து எழுதச் சொல்லிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். வண்ணம் தீட்டி, கடைக்காரரிடம் அட்வான்ஸும் வாங்கிய பிறகுதான் கேட்கிறார். விமர்சனத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான வேளை உண்டா?

ஆகவே ரசிகப் பெருமக்களே, அடுத்த போர்டின் படம் வந்ததும் வழக்கம்போல் இரண்டு தீ எமோஜி போட்டுவிடுங்கள். தாமதிக்க வேண்டாம். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கடைக்காரரோ எனாமல் பெயின்டில்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்; மழைக்கும் வெயிலுக்கும் அது லேசில் போகாது.