விண்கலத்துக்கும் ஷிப்ட் போடுங்கப்பா

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வைங்க, நைனா. அமெரிக்காவுல எங்கேயோ ஒரு புருஷன் பொண்டாட்டி சோபாவுல உட்கார்ந்துகினு, ஸ்டார் ட்ரெக்னு அறுபது வருஷத்துக்கு முந்தின விண்வெளி சீரியலை இப்பத்தான் முதல்முதலா பார்க்கிறாங்க. அவங்க வாயைப் பொளக்கிறதையும் கண்ணைத் துடைக்கிறதையும் கேமரா எடுக்குது. அதை யூடியூப் சேனல்ல ஏத்துறாங்க. நீங்க கும்மிடிப்பூண்டி சிப்காட் டீக்கடையில நின்னுகினு பார்க்கிறீங்க. அதுவரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தேர்த் திருவிழாவுல தேரைப் பார்க்கிறவன் பத்துப் பேருன்னா, தேர் பார்க்க வந்தவளைப் பார்க்கிறவன் நூறு பேரு. நம்ம பக்கத்துக்கு இது புதுப் பழக்கம் இல்ல. ஆனா அந்தம்மா திங்கக்கிழமை எதைப் பார்க்கணும், வியாழக்கிழமை எதைப் பார்க்கணும்னு நீங்க ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு சட்டையைப் பிடிக்கிறீங்களே, அதுதான் எனக்கு ஜீரணம் ஆகல.

உங்க காண்ட்ராக்டர் ஞாயித்துக்கிழமை ராத்திரி வாட்ஸ்ஆப்புல ‘நாளைலேர்ந்து சி ஷிப்ட்’னு ஒத்த வரி போடுறான். ஏன்னு கேட்டீங்களா? கட்டைவிரல் படத்தை அனுப்பிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போயிடுறீங்க. அதே ராத்திரி அந்த யூடியூப் சேனல்காரன் ‘இந்த வாரம் ஸ்டார் ட்ரெக் செவ்வாய்க்குப் பதிலா வெள்ளிக்கிழமை வரும்’னு அறிவிச்சா போதும், நியாயம் கேட்டு நாப்பது வரி எழுதுறீங்க. கேள்வி கேட்கிற நரம்பு செத்துப் போகல, அந்த மட்டும் சந்தோஷம். புத்திசாலிங்கதான் நீங்க. திருப்பி அடிக்க மாட்டான்னு தெரிஞ்ச எடமாப் பார்த்துத்தான் கையை ஓங்குறீங்க.

சண்டை இன்னான்னு நானும் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு கோஷ்டி, டிவியில வந்த வரிசையிலதான் பார்க்கணும்னுது. இன்னொரு கோஷ்டி, எடுத்த வரிசையிலதான் பார்க்கணும்னுது. ரெண்டும் ஒண்ணுதானேன்னு நெனைச்சேன். இல்லையாம். அமெரிக்காவுல என்பிசி டிவிக்காரன் 1966 செப்டம்பர் 8-ஆம் தேதி ஸ்டார் ட்ரெக்கை ஆரம்பிச்சப்போ, முதல்ல எடுத்ததை முதல்ல போடல. முதல் மாதிரிப் படம் மூளைக்கு ரொம்ப வேலை வைக்குதுன்னு ஓரமா வெச்சுட்டான். ரெண்டாவது மாதிரியை மூணாவது வாரம்தான் காட்டினான். முதல் நாள் காட்டினது இன்னா தெரியுமா? மனுஷன் உடம்புல இருக்கிற உப்பை உறிஞ்சிக் கொல்ற ஒரு பூதம். பூதம்னா கூட்டம் சேரும்னு அவன் கணக்கு. அட, அதுக்கு ஏம்பா அத்தனை தூரம் போகணும்? நம்ம ரோலிங் மில்லுல பர்னஸ் முன்னாடி எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்றவன் சட்டையைக் காய வெச்சுப் பாருங்க, முதுகுல வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்திருக்கும். அமெரிக்காக்காரன் பூதம் ஒரே தடவையில உறிஞ்சிடுது. நம்ம பூதம் மூணு ஷிப்டா பிரிச்சு உறிஞ்சுது, நடுவுல ஒரு டம்ளர் மோரும் கொடுக்குது.

பஞ்சாயத்துன்னு வந்தா தீர்ப்பு சொல்லணும் இல்லையா? சொல்றேன். 2002-ல ஃபாக்ஸ் டிவிக்காரன் ஃபயர்ஃபிளைன்னு ஒரு சீரியலை வாங்கி, யாரு எவருன்னு அறிமுகம் பண்ற முதல் கதையை டிசம்பர்ல கடைசியா போட்டான். எடுத்த 14-ல 11-ஐக் காட்டிட்டுக் கடையைச் சாத்தினான். அதுல எடுத்த வரிசைதான் சரி, மறுபேச்சு கிடையாது. ஸ்டார் ட்ரெக்கை எப்படி மாத்திப் பார்த்தாலும் குடி முழுகாது. பெரும்பாலும் ஒரு வாரக் கதை அந்த வாரமே முடிஞ்சுபோவும். டாக்டர் ஹூ சீரியலுக்கு மட்டும் தயவுசெஞ்சு சண்டை போடாதீங்க. பிபிசிக்காரன் பழைய டேப்புங்களை அழிச்சுட்டதுல தொண்ணூறு பாகத்துக்கு மேல படமே காணாமப் போச்சு. இல்லாத பாகத்துக்கு இன்னா வரிசை?

கேள்வி கேட்கிறதுன்னா எப்படின்னு அந்தக் காலத்து ரசிகனைப் பார்த்துக் கத்துக்கங்க. ஸ்டார் ட்ரெக்கை என்பிசிக்காரன் ரெண்டாவது வருஷத்தோட நிறுத்தப் போறான்னு பேச்சு வந்தப்போ, ஜான் ட்ரிம்பிள், பிஜோ ட்ரிம்பிள்னு ஒரு புருஷன் பொண்டாட்டி முன்னால நின்னு எல்லாரையும் கடுதாசி போட வெச்சாங்க. ஸ்டாம்பு ஒட்டின கடுதாசி, நைனா. லட்சத்துக்கு மேல வந்து குவிஞ்சுதாம். தாங்க முடியாம 1968 மார்ச் 1-ஆம் தேதி சீரியல் முடிஞ்ச கையோட டிவியிலயே அறிவிச்சான்: சீரியல் தொடரும்னு. கூடவே, இனிமே கடுதாசி போடாதீங்கன்னும் கேட்டுகினான். அப்புறம் இன்னா பண்ணான்? வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்குத் தள்ளிட்டான். வாலிபப் பிள்ளைங்க வீட்டுல இல்லாத நேரம். 1969-ல 79 பாகத்தோட மூட்டை கட்டிட்டான். கேட்டதைக் கொடுத்த மாதிரியும் ஆச்சு, கொடுக்காத மாதிரியும் ஆச்சு. இந்த வித்தை தெரிஞ்ச மேனேஜர் உங்க கம்பெனியிலயும் ஒருத்தர் இருப்பாரு, விசாரிச்சுப் பாருங்க.

எங்களுக்கு அட்டவணை போட்டவன் தூர்தர்ஷன்காரன். மெட்ராஸ் நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல ஆரம்பிச்சுது. எண்பதுகள்ல டெல்லிக்காரன் ஞாயித்துக்கிழமை காலையில இதே ஸ்டார் ட்ரெக்கை அவுத்து விட்டான், இங்கிலீஷ்ல. பஞ்சாயத்து டிவி முன்னாடி நாங்க உட்கார்ந்திருப்போம். அதுல வர்ற, கூர்மையா காது வெச்ச ஸ்பாக்கு கந்தர்வனா ராட்சசனான்னு எங்களுக்குள்ள ஒரு முடிவு வரல. பள்ளிக்கூடத்து வாத்தியார் மட்டும் முன்வரிசையில உட்கார்ந்து கதை சொல்லுவாரு. பாதி அவரே கட்டினது. திரையை விட்டுட்டு வாத்தியார் மூஞ்சியைப் பார்த்தவன்தான் அதிகம். அவரு புருவம் ஏறினா ஆபத்து வருதுன்னு அர்த்தம், சிரிச்சா கப்பல் தப்பிச்சுதுன்னு அர்த்தம். அந்த மனுஷனுக்கு அப்பவே ஒரு கேமரா வெச்சிருந்தா இன்னைக்கு மாசாமாசம் டாலரா கொட்டியிருக்கும்.

அதே காலத்துல ஆனந்த விகடன்ல சுஜாதா ‘என் இனிய இயந்திரா’ன்னு தொடர் எழுதினாரு. ஜீனோன்னு ஒரு இயந்திர நாய், புஸ்தகம் படிக்கும், நிலான்னு ஒரு பொண்ணுக்குப் புத்தி சொல்லும். ஒரு வாரம் காத்திருந்து வாங்கி, நாலு பேரு கை மாறி, கிழிஞ்சுதான் என்கிட்ட வரும். ரெண்டு நாள் முன்னாடி எழுதுங்கன்னு அவரை எவனும் கேட்கல. கதை நடக்கிற வருஷம் 2021. அந்த 2021-உம் வந்து போச்சு. ஜீனோ வரல, மாஸ்க்குதான் வந்துது.

இப்ப அந்த சேனல்காரன் பாட்டையும் கொஞ்சம் பாருங்க. முழுப் பாகத்தையும் யூடியூப்ல காட்டினா சீரியல் கம்பெனிக்காரன் விட மாட்டான், இயந்திரமே கண்டுபிடிச்சுத் தடுத்துடும். அதனால படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி மூலையில வெக்கிறான், சத்தத்தை நறுக்குறான். முழுசு வேணும்னா பேட்ரியான்ங்கிற சந்தா தளத்துல மாசாமாசம் பணம் கட்டினவனுக்குத்தான். எதை எப்பப் பார்க்கிறதுங்கிற ஓட்டெடுப்பும் அவங்களுக்குத்தான். நமக்கு அட்டவணை, அவனுக்கு வீட்டு வாடகை. அது கிடக்கட்டும், உங்க ரூமுல ஆறு பேரு இருக்கீங்களே, பணம் கட்டினவன் எத்தனை பேரு? ஒருத்தன். சட்டையைப் பிடிச்சது? மீதி அஞ்சு பேரும்.

ராக்கெட்டு, ராக்கெட்டுன்னு உருகுறீங்க. பழவேற்காடு ஏரிக்கு அந்தாண்ட ஸ்ரீஹரிகோட்டா இருக்குது. அங்கயும் ஒரு அட்டவணை உண்டு. ராக்கெட்டு ஏறுற நாள்ல பழவேற்காட்டு மீனவனைக் கடலுக்குப் போகாதேன்னுடுவாங்க, அன்னைய பொழைப்பு போச்சு. 2019 ஜூலை 15 விடியக்காலம் 2:51-க்குக் கிளம்ப வேண்டிய சந்திரயான்-2-ஐ 56 நிமிஷம் இருக்கிறப்போ நிறுத்தினாங்க. ஒரு வாரம் கழிச்சு 22-ஆம் தேதி மத்தியானம் போச்சு. அதுக்கு எந்த கோஷ்டியும் சட்டையைக் கிழிச்சிக்கல.

2023 ஜூலை 14-ஆம் தேதி மத்தியானம் 2:35-க்கு சந்திரயான்-3. ஏ ஷிப்ட் விட்டு அரை மணி நேரம், பஸ்ஸுக்குக் கூட்டமா நின்னீங்க. மேல ராக்கெட்டு புகையைக் கக்கிகினு போயே போச்சு. நீங்க குனிஞ்ச தலை நிமிரல. உங்க போனுல இன்னும் எட்டு, ஏழு, ஆறுன்னு எண்ணிகினு இருந்தான். ஏண்டா மேல பார்க்கலன்னு கேட்டதுக்கு ஒருத்தன் சொல்றான், ‘பெருசு, அங்க மூஞ்சி தெரியாது’ன்னு. திட்டத்தான் வாயைத் திறந்தேன், மூடிகினேன். பையன் சொன்னதுல விஷயம் இருக்குது. ஆகஸ்ட் 23 சாயங்காலம் நிலாவுல இறங்கினப்போ இஸ்ரோ சேனலை ஒரே நேரத்துல 80 லட்சம் பேருக்கு மேல பார்த்தாங்களே, இன்னாத்தைப் பார்த்தாங்க? கோடும் புள்ளியுமா ஒரு படம். மீதி எல்லாம் கண்ட்ரோல் ரூமுல நகத்தைக் கடிச்சிகினு இருந்தவங்க மூஞ்சி. திட்ட இயக்குநரா இருந்த விழுப்புரத்துப் பிள்ளை வீரமுத்துவேல் வாயைத் திறக்கிற வரைக்கும் நானும் மூச்சு விடல.

அதனால யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். நானே ஒரு சேனல் ஆரம்பிக்கிறேன். ஸ்டார் ட்ரெக்கோட 79 பாகத்தையும் இந்த வாட்டி அர்த்தம் புரிஞ்சு பார்க்கப் போறேன், நீங்க என் மூஞ்சியைப் பாருங்க. அமாவாசைக்குக் கிடையாது, திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்குப் போவேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிடையாது, தூங்குவேன். முதல் நாள் உப்புப் பூதம், அதுல மாத்தம் இல்ல. நாளை மாத்து, நேரத்தை மாத்துன்னு கேட்க நெனைக்கிறவன் தாராளமா மனு எழுதலாம். ஒரே ஒரு நிபந்தனை. இதே மாதிரி மனு ஒண்ணை முதல்ல உங்க காண்ட்ராக்டர் கிட்ட கொடுத்து, வாங்கிகினேன்னு கையெழுத்து வாங்கிகினு வரணும்.