பாத்திக்கு நுரையீரல் இல்லை

அறிவியல் அனைத்துக்கும் ஒரே முறைதான் என்று ஓதுகிறவர்களுக்கு ஓர் ஆய்வுத் திட்டம் தருகிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைகள் பத்தாயிரம் பேரைப் பிடியுங்கள். சீட்டுக் குலுக்குங்கள். பாதிப் பேர் வாயில் தினம் இருபது சிகரெட் செருகுங்கள். மீதிப் பேர் தொட்டால் கையை ஒடியுங்கள். நாற்பது ஆண்டு கழித்து இரு பக்கமும் பிணங்களை எண்ணுங்கள். புகை புற்றுநோய் தருமா என்பதற்கு அப்பழுக்கற்ற சான்று ரெடி!

இப்படி ஒரு சான்று இல்லையே என்றுதான் பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள்.

1950-இல் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை விசாரித்து, நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். மறு ஆண்டே இருவரும் பிரிட்டிஷ் மருத்துவர்களில் ஏறக்குறைய 40,000 பேரைப் பின்தொடரத் தொடங்கினார்கள். புள்ளியியல் மேதை ஆர்.ஏ.ஃபிஷர் ஒப்பவில்லை. வயலில் பாத்தி பிரித்துச் சீட்டுக் குலுக்கும் சோதனைக்கு இலக்கணம் வகுத்தவர் அவர். பாத்திக்கு நுரையீரல் இல்லை என்பது மட்டும் நினைவில் நிற்கவில்லை. பரம்பரைக் கூறு ஏதோ ஒன்று புகைக்கவும் வைத்து நோயும் தரலாம் என்றார். தொடங்கிவிட்ட புற்றுநோயே ஆளைப் புகைக்கத் தூண்டலாம் என்றும் சொன்னார். ஆகா! வீடு எரியப்போவதால்தான் அவன் தீக்குச்சி கிழித்தான்! தன் கட்சிக்கு இரட்டையரின் புகைப்பழக்கக் கணக்கை நீட்டினார். அங்கே சீட்டுக் குலுக்கியது யார் என்று கேட்கக் கூடாது. ஐயா குழாயில் புகை பிடிப்பவர், புகையிலை உற்பத்தியாளர்களின் ஆலோசகர். அதையும் கேட்கக் கூடாது.

ஹில்லுக்குச் சீட்டுக் குலுக்கத் தெரியாதா? காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்த சோதனையில், 1948-லேயே அந்த முறைக்கு மருத்துவத்தில் பாதை போட்டவரே அவர்தான். மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம், நஞ்சைக் கொடுத்துப் பார்க்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ரம்பத்துக்கு ஒரு வேலை, உளிக்கு ஒரு வேலை என்று அறிந்தவன்தானே தச்சன்?

சிகரெட் கம்பெனிகளுக்கோ இந்த ஒரே முறை கற்கண்டு. 1954-இல் 400-க்கு மேற்பட்ட அமெரிக்கப் பத்திரிகைகளில் விளம்பரப் பக்கம் பிடித்து, சான்று போதாது, ஆய்வுக்கு நாங்களே பணம் தருகிறோம் என்றன. ஆட்டைத் தின்ற ஓநாய் விசாரணைக் குழு வைத்தது. புகை புற்றுநோய் தரும் என்ற அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை 1964-இல்தான் வந்தது. இடைப்பட்ட பத்தாண்டு விற்பனைக்கு எந்தச் சான்றையும் எவரும் கேட்கவில்லை.

இன்றும் புகையிலை ஆண்டுக்கு 70 லட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொல்கிறது. ஒரே முறைக்காரர்களே, பிணங்கள் வரிசையில் வந்துவிட்டன. எண்ணத் தொடங்குங்கள்.