சென்னைக்கு மூத்தவர்

தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்குப் போய் நுழைவுச்சீட்டு வாங்கினால் போதும், அவர் தானாகக் கிடைப்பார். கையில் குடை, சட்டைப்பையில் இரண்டு பேனா, ஓய்வுபெற்ற வாத்தியாரின் தொண்டை. வழிகாட்டியா என்று கேட்டுவிடாதீர்கள். வழிகாட்டி காசோடு விட்டுவிடுவார். இவருக்கு நம் மத்தியானம் முழுசாக வேண்டும்.

"தம்பி, இது யார் கட்டினது?"

'வெள்ளைக்காரன்' என்று சொன்னவன் தொலைந்தான். "எந்த வெள்ளைக்காரன்? டென்மார்க்காரன்! 1620. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு, வருஷா வருஷம் பணம் கட்டி இருந்தான்." சொல்லும் தோரணையைப் பார்த்தால், நாயக்கர் சார்பில் ரசீது கிழித்துக் கொடுத்ததே இவர்தானோ என்று தோன்றும். அடுத்து, அவர் உயிரை வைத்திருக்கும் வாக்கியம் வரும்: "மெட்ராஸ் 1639. நாங்க 19 வயசு மூப்பு." புதுச்சேரி என்று வாயெடுத்தால் உதட்டைப் பிதுக்குவார். பிரெஞ்சுக்காரர் அங்கே குடியேறியது 1670களில். இவர் கணக்கில் அது நேற்றைய மழைக்கு முளைத்த காளான்.

அருங்காட்சியகம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. பீங்கான் பாத்திரங்கள், சீன ஜாடிகள், வாள்கள், பழைய ஆவணங்கள். கண்ணாடிப் பெட்டி ஒவ்வொன்றையும், தன் வீட்டுப் பரணிலிருந்து இரவல் கொடுத்த சாமான் திரும்பி வருமா என்கிற கவலையோடு பார்ப்பார். நம் பிள்ளைகள் செல்ஃபி எடுக்க மேல்தளத்துக்கு ஓடியிருப்பார்கள். நாம் மட்டும் பிடிபட்டிருப்போம்.

1845 வந்தால் குரல் உடையும். "பன்னிரண்டரை லட்சத்துக்கு இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டான் தம்பி! அதுவும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து! புரோக்கர் யாருன்னு மட்டும் தெரிஞ்சுதுன்னா..."

கடல்மேலும் வழக்கு உண்டு. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை விழுங்கிவிட்டது. "ஊரான் புறம்போக்கைத்தான் வளைப்பான். இது சிவன் சொத்தையே வளைச்சிருக்கு. யார்கிட்ட மனு கொடுக்கிறது?"

இவ்வளவு ஊர்ப்பற்று உள்ளவர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார் என்றுதான் எதிர்பார்ப்போம். கல்லூரிப் பையன் ஒருவன் வெள்ளந்தியாகக் கேட்டான்: "முதல் தமிழ்ப் புத்தகமே இங்கதானே சார் அச்சாச்சு?" ஆமாம் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? பக்கத்தில் கேள்வி கேட்க ஒரு காவலாளிகூட இல்லை. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "இல்ல தம்பி. அது கொல்லம். 1578." அடகுக் கடையில் மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறவரின் குரல். மறு மூச்சில் நிமிர்ந்துவிட்டார்: "ஆனா 1706ல சீகன்பால்கு பாதிரியார் வந்து இறங்கினது இங்க. தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சானது இங்க, 1715!"

பசி தாங்காமல், மீன் குழம்பு எங்கே நன்றாக இருக்கும் என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

"ராஜ வீதியில நேரா போங்க. வழியில சீயோன் கோயில் இருக்கு, 1701. புது எருசலேம் கோயில் இருக்கு, 1718. கடைசியில ஊர் வாசல், 1792. அதைத் தாண்டினா ஒரு மெஸ்."

இதற்குள் நன்றாகப் பழகிப்போயிருந்த அந்த மனிதர் பணிவாகக் கேட்டார்: "மெஸ் எந்த வருஷம் சார்?"

அவர் முகம் சுருங்கியது. "போன தையிலதான் திறந்தான்."