அப்பவேசாமி

ஆகஸ்ட் மாதம் எடின்பரோ ஃபிரிஞ்ச் கலை விழாவுக்குப் போகிறவர்கள் மழைக்கோட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். எதைச் சொன்னாலும் "நான் அப்பவே பார்த்தாச்சு" என்கிற அப்பவேசாமி இலவசம்.

"ஃப்ளீபேக் நாடகமா? டிவியில வந்தப்புறம் நீங்கல்லாம் பார்த்தீங்க. நான் 2013-லயே அண்டர்பெல்லியில பார்த்தாச்சு. ஃபீபி வாலர்-பிரிட்ஜ், ஒத்தை நாற்காலி, அவ்வளவுதான்!"

இப்படிச் சொல்கிற அத்தனை பேரும் அன்று நிஜமாகவே வந்திருந்தால் அரங்கத்தின் கூரையைப் பிரித்து உட்காரவைத்திருக்க வேண்டும். 'சிக்ஸ்' இசை நாடகமா? அதுவும் 2017-லேயே, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் போட்டபோதே சாமி பார்த்துவிட்டார். 1981-இல் இதே விழாவில் முதல் பெரியர் நகைச்சுவை விருதை வாங்கிய குழுவில் ஸ்டீபன் ஃப்ரை, ஹியூ லாரி, எம்மா தாம்சன் எல்லாரும் இருந்தார்கள். சாமி அப்போது மூன்றாம் வகுப்பு. அதைப் பார்க்காத அந்த ஒரு குறை மட்டும் அவருக்கு இன்றுவரை ஆறவில்லை. 1947-இல் எட்டு நாடகக் குழுக்கள் அழையா விருந்தாளிகளாக வந்து இறங்கித்தான் இந்த விழாவே பிறந்தது. அந்தக் கதையையும் ஸ்டேஷனில் அவர்களுக்குப் பெட்டி தூக்கியவர் மாதிரிதான் சொல்வார்.

சொல்லட்டும். எங்கே, எப்போது சொல்கிறார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

மேடையில் ஒரு பெண் தன் மாமியாரைப் பற்றி நிதானமாக ஒரு ஜோக்கைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். முடிச்சு அவிழப்போகிற நேரத்தில் என் விலாவில் ஒரு இடி. "போன தடவை இதே ஜோக் இன்னும் சுருக்கமா இருந்துச்சு." காதை மேடைப் பக்கம் திருப்புவதற்குள் அரங்கமே குலுங்கிச் சிரிக்கிறது. நான் மட்டும் இழவு வீட்டுக்கு வந்தவன் போல உட்கார்ந்திருக்கிறேன். முன்வரிசையில் சிரிக்காத முகம் தெரிந்தால் நகைச்சுவைக் கலைஞர்கள் விடுவார்களா? "சார், உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று அந்தப் பெண் கேட்க, எனக்கு முன்னால் சாமி பதில் சொல்கிறார்: "அவர் இப்பதான் முதல் தடவையா வர்றார்." அன்றைய பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

நள்ளிரவு காபரேயிலும் இதே கதை. கண்ணாடி பதித்த வட்டக் கூடாரம். தலைக்கு மேலே தொங்கும் வளையத்தில் ஒருத்தி ஒற்றைக் குதிகாலை மட்டும் கொக்கியாக மாட்டி, கைகளை விட்டுவிடுகிறாள். கூட்டம் மூச்சை அடக்குகிறது. சாமி மட்டும் அடக்கவில்லை. "லா கிளீக் காபரேயை 2004-ல இந்த ஊர்லதான் ஆரம்பிச்சாங்க. அப்ப தொங்கினது வேற ஆள்..."

டிக்கெட் என் காசு. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் அவர் பேச்சு போக எனக்குக் கிடைத்தது கால் மணி. இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. பக்கத்து இருக்கைக்காரனின் சிரிப்பைப் பறிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் மறுநாள் மதியம் ஒரு பப்பின் மாடியில், உண்டியல் வாளி வைத்து நடத்துகிற இலவச நிகழ்ச்சியில் அவரைப் பார்க்க வேண்டும். பார்வையாளர்கள் ஐந்தே பேர். ராயல் மைல் வீதியில் மழையில் நனைந்துகொண்டே துண்டுச்சீட்டு கொடுத்த பையன்தான் மேடையிலும் நிற்கிறான். மைக் பிடித்த கை நடுங்குகிறது. மற்றவர்கள் போனை நோண்ட, சாமி முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, சுமாரான ஜோக்குக்கும் கூரை அதிரச் சிரிக்கிறார். பையனுக்குக் குரல் வருகிறது. போகும்போது வாளியில் 20 பவுண்டு நோட்டு ஒன்றை மடித்துப் போடுகிறார்.

எல்லாம் பத்து வருஷம் கழித்து "அப்பவே பார்த்தேன்" என்று சொல்வதற்கான முதலீடுதான். இருக்கட்டும். ஒரே மாதத்தில் 3000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடக்கிற ஊர் அது. கைக்காசு போட்டு வந்து, நஷ்டத்தோடு திரும்புகிற கலைஞர்கள் ஏராளம். பேர் தெரியாதவனை நம்பி உட்காருகிற சாமிகள் இல்லையென்றால் பாதி மாடிகள் காலிதான்.

ஆகவே சாமி, பழைய கதையை விடிய விடியச் சொல்லுங்கள், பியர் நான் வாங்கித் தருகிறேன். அரங்கில் விளக்கு அணைந்த பிறகு மட்டும் தயவுசெய்து வாயை மூடுங்கள்.