தேர் மட்டும் ஓடினால் போதுமா?

கேள்வி: சென்னை பாண்டி பஜாரில் 2019-இல் நடப்பவர்களுக்கென்றே அகலமான நடைபாதை போட்டுவிட்டார்கள். எங்கள் ஊர்க் கடைத்தெரு எப்போது மாறும்?
- ஒரு வாசகர், மேல்சித்தாமூர்

பதில்: அங்கே முடிவெடுத்தது மாநகராட்சி, உங்கள் ஊரில் வாய் திறக்க வேண்டியவர் நீங்கள்தான்! கிராம சபை ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மிட்டாய் கைக்கு வந்ததும் நழுவிவிடாமல், வடிகால், தெருவிளக்கு, நடைபாதை மூன்றையும் தீர்மானத்தில் எழுத வையுங்கள். உங்கள் ஊர்ச் சமணக் கோயிலின் பார்சுவநாதர் தேருக்கு ஊரே வடம் பிடிக்கிறது; தெருவை மட்டும் ஊராட்சித் தலைவர் தனியாக இழுக்க வேண்டுமா? அதோடு, அகிம்சைக்குப் பேர்போன சமண ஊரில், முதுகெலும்பை இம்சிக்கும் பள்ளம் கூடவே கூடாது!