மண்ணுக்கும் வைத்தியம் உண்டு

கேள்வி: ஆலைக் கழிவால் நஞ்சாகிப்போன நகரத்து நிலத்தில் மறுபடி பிள்ளைகள் விளையாட முடியுமா?
- ஒரு வாசகி, எண்ணூர்

பதில்: முடியும். மண்ணுக்கும் வைத்தியம் உண்டு, பத்தியம்தான் நீளம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், யூனியன் ஏரிக்கரையில் 1906 முதல் 1956 வரை எரிவாயு ஆலை ஒன்று ஓடியது. நிலக்கரியையும் பிறகு எண்ணெயையும் வாயுவாக்கிய அந்த ஆலை விட்டுப்போனது, தார் ஊறிய கருமண். அந்த நிலத்தைப் பூங்காவாக்க வந்த நிலவடிவமைப்புக் கலைஞர் ரிச்சர்ட் ஹாக் அந்த மண்ணை வெட்டி வேறு ஊர் தலையில் கொட்டவில்லை. கழிவுநீர்ச் சேற்றையும் மரத்தூளையும் கலந்து உழவைத்தார். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகின. இடிபாடுகளைக் குவித்து, நல்ல மண் போர்த்திக் குன்றாக்கினார்.

1975இல் பூங்கா திறந்தது. ஆலையின் துருப்பிடித்த கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. வண்ணம் பூசிய பழைய இயந்திரங்களுக்கு நடுவே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இடிபாட்டுக் குன்றில் பட்டம் விடுகிறார்கள்.

ஆனாலும் மண்ணில் நச்சு மிச்சமிருந்ததால் 1984இல் பூங்காவைச் சிலகாலம் மூடிச் சோதித்தார்கள். ஐம்பது ஆண்டு நோய் ஒரே மருந்தில் தீராது.

உங்கள் ஊரில் பூங்கா திறக்க ரிப்பன் வெட்ட வருகிறவர்களிடம் முதலில் மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். ஊஞ்சல் பிறகு வரட்டும்.