புகை போகும் வழி

கேள்வி: எண்ணெய்ப் பீப்பாவை வெட்டி வளவுக்குள் புகையடுப்பு செய்தேன். பாரை மீன் அடியில் கரி, மேலே பச்சை. என்ன செய்யலாம்?
– வாசகர், சுன்னாகம்

பதில்: புகையெல்லாம் அயல்வீட்டுக்குப் போயிருக்கும். அவர்கள் பசியோடு இருமியிருப்பார்கள்! மூடி இடுக்கைக் களிமண்ணால் பூசுங்கள். நீர்வேலிப் பக்கம் வாழைக்குலைக்குப் புகை போடுகிறவர்கள் கிடங்கில் ஊசி இடுக்கும் விடமாட்டார்கள். ஆனால் அது காய் பழுக்க. உங்களுக்கோ நெருப்பு மூச்சுவிட வேண்டும். கீழே காற்றுத் துளை, மேலே புகைத் துளை, இரண்டுக்கும் தகர மூடி. நெருப்புக்கும் மீனுக்கும் நடுவே அகலமான தண்ணீர்ச் சட்டி வையுங்கள். அனல் நேரே தாக்காது. புகைக்குப் பொச்சுமட்டை போதும், வர்ணம் பூசிய பலகை கூடாது. நாகமுலாம் பூசிய தகரமும் வேண்டாம், மிகச் சூடானால் நச்சுப்புகை. அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். மீன் இனி நீந்திப் போகாது.